12,000 ரூபாய்க்கு ரோடு பைக்: புதிதாக ஓட்டுபவர் வாங்கலாமா?

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிளுக்குப் பிறகு எனக்கென்று சைக்கிள் இருந்ததில்லை. இப்போது வீடு ஸ்ரீரங்கம், வேலை திருவெறும்பூர். வாரத்தில் சில நாட்களாவது சைக்கிளில் வேலைக்குப் போய்வர விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையோரமாகக் கல்லணை வரை ஓட்ட வேண்டும். என்றாவது ஒரு நாள் கொல்லிமலை ஏற வேண்டும் என்றும் ஆசை.

கையில் இருப்பது 12,000 ரூபாய். இணையக் கடை ஒன்றில் வளைந்த ஹேண்டில்பார், 14 கியர், 700சி சக்கரம், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் கொண்ட ரோடு பைக் 11,499 ரூபாய்க்கு இருக்கிறது. '85 சதவீதம் பொருத்தப்பட்டு வரும், மீதியை நீங்களே பூட்டிக்கொள்ளலாம்' என்று போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் சைக்கிள் ஓட்டும் இருவரைக் கேட்டேன். அந்த விலைக்கு ரோடு பைக்கே கிடையாது, நாற்பதாயிரம் சேரும் வரை பொறு என்கிறார்கள். அவ்வளவு சேர்க்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பஸ்தானா? என் உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 62 கிலோ. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:
வாங்காதீர்கள். சென்னையில் நெடுந்தூரம் ஓட்டுபவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை நேரத்தில் இந்த ரகச் சைக்கிள்களோடு வரும் புதியவர்களை நிறையப் பார்க்கிறேன். பாதிப் பேர் முட்டுக்காட்டுப் பாலம் தாண்டுவதற்குள் செயின் கழன்று நிற்கிறார்கள்.

டிஸ்க் பிரேக் என்றதும் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறோம். இந்த விலையில் வரும் டிஸ்க் பிரேக் கேபிளால் இழுக்கப்படுவது. தகட்டை இருபுறமும் கவ்வும் இரண்டு பேடுகளில் ஒன்று மட்டும் நகரும், மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். பேடு தேயத் தேய அந்த நிற்கும் பேடை நாமே உள்ளே தள்ளிவைக்க வேண்டும். புதியவர் யாரும் இதைச் செய்வதில்லை. ஒரு மாதம் கழித்து லீவரை ஹேண்டில்பாரில் முட்டும் வரை இழுத்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். போதாததற்கு, பெட்டியில் வரும்போதே டிஸ்க் தகடு வளைந்து, சுற்றுக்கு ஒரு முறை உரசிக்கொண்டிருக்கும்.

விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன எழுதவில்லை என்று பாருங்கள். எடை இருக்கிறதா? எத்தனை ஃபிரேம் அளவுகளில் வருகிறது? பல்சக்கரங்களில் எத்தனை பற்கள்? எழுதியிருக்க மாட்டார்கள்.

எதிர்காற்று:
நெடுவழி நண்பரே, நாற்பதாயிரம் இல்லாதவன் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று முடிகிறதே இந்த வாதம்! நம் ஊரில் இருபது கிலோ எடையுள்ள சைக்கிளில் பால் கேனும் வாழைத்தாரும் கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மக்கள் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் யாரும் எடை கேட்கவில்லை.

எடை பற்றிய பயத்தைக் கணக்கால் தீர்த்துவிடலாம். கேட்டவரின் எடை 62 கிலோ. மலிவான சைக்கிள் 15 கிலோ என்று வைத்தால் மொத்தம் 77. நல்ல சைக்கிள் 9.5 கிலோ என்றால் மொத்தம் 71.5. வித்தியாசம் ஏழெட்டு சதவீதம். ஏற்றத்தில் வேகம் ஏறத்தாழ மொத்த எடையைப் பொறுத்தது என்பதால், நல்ல சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் ஏறும் மலையை இதில் 64 அல்லது 65 நிமிடத்தில் ஏறுவார். அந்த நான்கைந்து நிமிடங்களுக்காக ஒரு வருடம் காத்திருப்பதா?

சமவெளியில் எடையின் பங்கு இன்னும் குறைவு. அங்கே எதிரி காற்று. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 25 கி.மீ. வேகத்திலிருந்து 30க்குப் போக, காற்றுக்கு மட்டும் 1.7 மடங்கு சக்தி வேண்டும். அதைக் குறைப்பது குனிந்து உட்காரும் நிலைதான், விலைச்சீட்டு இல்லை. குனிந்து உட்கார வளைந்த ஹேண்டில்பார் போதும். உலகப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை. கிராம் கணக்கைப் பந்தய வீரர்களுக்கு விட்டுவிடுவோம். தம்பி, வாங்குங்கள், ஓட்டுங்கள்.

பால்ரஸ்:
மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் வாங்கிய சைக்கிளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருபவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

எடை பெரிய விஷயமே இல்லை. எதிர்காற்று சொன்னது சரி. ஆனால் அவர் கணக்கில் சைக்கிள் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. பெட்டியில் வருவது அப்படி இருப்பதில்லை.

முதலில் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். இரண்டு பக்கமும் பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை அளவுக்கு மீறி இறுக்கி அனுப்புகிறார்கள். ஆக்சிலை விரலால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் இருக்கும். உள்ளே கிரீஸ் கடமைக்கு ஒரு தடவல். அப்படியே ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் கோனில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு பால்ரஸ் மாற்றினாலும் பயனில்லை. அதே ஹப்பைப் புதிதாகவே பிரித்து, கிரீஸ் போட்டு, கோனைச் சரியாக வைத்துவிட்டால் பல வருடம் ஓடும். பொருள் ஒன்றுதான், பூட்டுவதில் இருக்கிறது எல்லாம்.

அடுத்து ஸ்போக். மெஷின் கட்டிய சக்கரம். ஒன்று விறைப்பாகவும் பக்கத்தில் இருப்பது தொளதொள என்றும் இருக்கும். விரலால் மீட்டிப் பார்த்தாலே சத்தத்தில் தெரியும். முதல் 100 கிலோமீட்டரில் ரிம் ஆட ஆரம்பிக்கும். பெண்டு எடுத்து எல்லா ஸ்போக்கையும் சமமாக இழுத்துவிட்டால் நின்றுவிடும். விட்டுவிட்டால் ஒரு ஸ்போக் அறும், அந்தச் சுமை பக்கத்து ஸ்போக்குக்குப் போகும், பிறகு வரிசையாக அறும்.

மூன்றாவது, வாங்குபவரே கெடுத்துக்கொள்வது. இடது பெடலின் மரை எதிர்த் திசையில் ஓடும். அது தெரியாமல் வழக்கமான திசையில் ஸ்பேனர் போட்டு அழுத்தினால், பெடலைத் தாங்கும் தண்டான அலுமினியக் கிராங்கின் மரை வழிந்துவிடும். பெடலில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள், பார்க்காமல் பூட்டுகிறார்கள். அந்தக் கிராங்கோடு என் கடைக்கு வருபவர்கள் பலர். '85 சதவீதம் பொருத்தப்பட்டு வரும்' என்பதில் மீதமுள்ள 15 சதவீதம்தான் ஹேண்டில்பாரும் பிரேக்கும் முன்சக்கரமும் பெடலும். உயிரைத் தாங்கும் பாகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

முழு ஓவர்ஹாலிங்குக்கு நான் 800 ரூபாய் வாங்குகிறேன். 11,499 என்று பார்த்து மகிழ்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலைச்சாரல்:
கோவையிலிருந்து எழுதுகிறேன். பிரேக், கியர், எடை எல்லாம் பேசிவிட்டீர்கள். உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் உயரம் 5 அடி 1 அங்குலம். சைக்கிள் விஷயத்தில் ஆண்கள் எளிதில் மறந்துவிடுவது அளவு. அவர்கள் பெரும்பாலும் கடையில் இருக்கும் நடு அளவுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இந்த ரக ரோடு பைக்குகள் ஒரே அளவில் வருகின்றன. அந்த ஒரே அளவு பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு மேற்பட்டவர்களை மனத்தில் வைத்தது. சீட்டைத் தாழ்த்திவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். சீட்டின் உயரத்தை மாற்றலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள நீளத்தை எப்படி மாற்றுவது? சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்காருகிறோம், இரண்டு அங்குலம் கூடினாலும் தெரியாது. வளைந்த ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடம் இன்னும் முன்னால் இருக்கிறது. நீளம் கூடினால் முழங்கை மடங்காமல் விறைத்துக்கொண்டு, உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். அரை மணியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கழுத்து வலிக்கும். அந்த வலியை அனுபவித்தவர்கள் 'எனக்கு ரோடு பைக் ஒத்துவராது' என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துவராதது அந்த ஃபிரேம்தான். பயிற்சி இல்லை, வயது இல்லை, பெண் என்பதால் இல்லை என்று எத்தனை பேருக்கு நான் சொல்லவேண்டியிருக்கிறது!

தம்பி, சுவரில் முதுகைச் சாய்த்து, வெறும் காலில் நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே மேலே வரை நன்றாக அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்தால் அதுதான் உள்கால் நீளம். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் (இரண்டு பெடல் தண்டுகளும் சேரும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். பிறகு எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும், நடுக்குழாயின் மேல் கால்விரித்து நின்று பாருங்கள். குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். படத்தைப் பார்த்து ரோடு பைக் வாங்க வேண்டாம்.

காவிரிக்கரை:
இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மலைச்சாரல் அக்கா, அளந்து பார்த்தேன். உள்கால் 76 செ.மீ. பெருக்கினால் 67 வருகிறது.

விற்பவரிடம் கேட்டேன். ஃபிரேம் ஒரே அளவுதான், 54 செ.மீ. என்கிறார். எடை 'சுமார் 15 கிலோ'. முன்னால் 52, 42 பற்கள். பின்னால் ஏழு அடுக்கு ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), 14 முதல் 28 பற்கள் வரை. கியர் மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பார் தண்டின் மேல் இருக்கிறது. இதிலிருந்து ஏதாவது தெரிகிறதா?

நெடுவழி:
நிறையத் தெரிகிறது. கொல்லிமலை இதில் முடியாது என்பது முதலில்.

கணக்கு இதோ. உங்களுடைய மிக இலகுவான கியர் முன்னால் 42, பின்னால் 28. வகுத்தால் 1.5. 700சி சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 3.15 மீட்டர் முன்னேறுவீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று என்பது முழங்காலுக்கு நிதானமான வேகம். அப்படிச் சுற்றினால் மணிக்கு 11.3 கி.மீ. வரும். செங்குத்தான மலைச்சாலையில் புதியவர் தாக்குப்பிடிக்கும் வேகம் மணிக்கு 7, 8 கி.மீ.தான். அப்படியானால் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு இறங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு மிதியும் உடலின் எடை முழுவதையும் கேட்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அப்படி மிதித்தால் முழங்கால் என்ன ஆகும்?

முன்னால் 34, பின்னால் 34 பற்கள் இருக்கும் சைக்கிளில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 7.6 கி.மீ. வரும். அதுதான் வேண்டியது. எதிர்காற்று சொன்ன நான்கைந்து நிமிட வித்தியாசம் ஏறத் தகுந்த கியர் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

தண்டின் மேல் இருக்கும் நெம்புகோலும் எனக்குப் பிடிக்கவில்லை. கியர் மாற்ற ஒரு கையை முழுவதுமாக எடுக்க வேண்டும். காந்தி மார்க்கெட் பக்கம் நெரிசலில், பிரேக் பிடிக்க வேண்டிய அதே நொடியில்தான் கியரும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் வசதி, கியர் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனத்தின் அடிமட்ட வரிசையான டூர்னியிலேயே வந்துவிட்டது. அது இருக்கும் சைக்கிளைப் பாருங்கள்.

எதிர்காற்று:
கியர் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பின்னால் 14-28 ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 14-34 ஃப்ரீவீல் போடலாமே. ஃப்ரீவீல் மாற்றுவது பெரிய செலவில்லை. 42ஐ 34ஆல் வகுத்தால் 1.24. நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 9.3 கி.மீ. கொல்லிமலைக்கு அது போதாது, பச்சைமலைக்கும் போதாது. ஆனால் அவர் தினமும் ஏறப்போவது காவிரிப் பாலம்தானே?

54 செ.மீ. என்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது. 5 அடி 4 அங்குலத்துக்கு அது பெரிது. மலைச்சாரல் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் குறிப்பிட்ட சைக்கிள் வேண்டாம். ஆனால் மலிவான சைக்கிளே வேண்டாம் என்ற முடிவை ஏற்க மாட்டேன்.

உப்பங்காற்று:
ராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். நீங்கள் பேசும் அதே ரகம், வேறு நிறுவனம், என்னிடம் இருக்கிறது. தினமும் பள்ளிக்கு அதில்தான் போகிறேன். எங்கள் பக்கம் மேடே கிடையாது, காற்று மட்டும்தான். கியர்களில் பாதியைத் தொடுவதே இல்லை. உள்ளூர்க் கடையில் பிரித்துப் பூட்டி வாங்கினேன், சக்கரம் இன்றும் நேராக ஓடுகிறது.

குறை ஒன்று சொல்ல வேண்டும். ரிம் அலுமினியமா இரும்பா என்று வாங்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்து ரிம் இரும்பாகவும் இருந்தால், மழையில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. முலாம் பூசிய ஈர இரும்பில் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு ரிம் பக்கமே போக வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

பால்ரஸ்:
உப்பங்காற்று ஆசிரியர் சொன்ன காந்தச் சோதனையை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குழாய், ஹேண்டில்பார் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கலாம்.

உதிரிபாகம் பற்றி ஒன்று. 700சி டியூபும் டயரும் திருச்சியில் கிடைக்கும், கல்லணைப் பக்கத்துக் கிராமக் கடையில் கிடைக்காது. அங்கே இருப்பது பழைய சைக்கிளின் 28 அங்குல டியூப், அது வேறு அளவு. ரோடு பைக்கோடு மெல்லிய வால்வு வந்தால் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்க முடியாது, சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டியூப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் குச்சி இரண்டு, கையடக்கப் பம்ப். இவை இல்லாமல் ரோடு பைக்கில் ஊரைத் தாண்டாதீர்கள்.

ஃப்ரீவீல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரை போட்டு ஏற்றும் பழைய வகை ஃப்ரீவீலில் வலது பக்கத்து பால்ரஸ், ஹப்பின் உட்பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே ஆக்சில் தாங்கலின்றி நீண்டிருக்கும். அதிக எடையோடு பள்ளத்தில் இறங்கினால் அந்த இடத்தில்தான் ஆக்சில் வளையும் அல்லது உடையும். பல்சக்கரங்களை ஹப்பின் மேல் செருகிப் பூட்டும் கேசட் வகையில் பால்ரஸ் வெளிப்பக்கம் வரை வந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு. 62 கிலோ உடம்புக்கு ஏழு அடுக்கு ஃப்ரீவீல் தாங்கும். 85, 90 கிலோ உள்ளவர்கள், பின்னால் பையைக் கட்டுபவர்கள் கேசட்டாகப் பார்த்து வாங்குங்கள். கண்டுபிடிப்பது எளிது: பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி நுழையும் பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட். அது மட்டும் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

வடதிசை:
வேலூரிலிருந்து. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு 12,000 ரூபாய் இருந்த சைக்கிள், வரிக்குறைப்பை அப்படியே கொடுத்தால் 11,250க்கு வர வேண்டும். கடையில் இதைக் கேளுங்கள். மிஞ்சும் 750 ரூபாயை ஹெல்மெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12,000 ரூபாயில் சைக்கிள் மட்டும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஹெல்மெட், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு இவை இல்லாமல் தஞ்சாவூர் சாலையில் இருட்டிய பிறகு எப்படி வீடு திரும்புவார்? என் கணக்கில் சைக்கிளுக்கு 9,500தான் இருக்கிறது.

மலைச்சாரல்:
வடதிசை சொன்னதற்குப் பிறகு எனக்குத் தோன்றுவது, பழைய சைக்கிள். கோவையில் நல்ல ரோடு பைக் வாங்கி, சில மாதம் ஓட்டிவிட்டு, மாடிப்படியின் கீழ் நிறுத்திவைத்தவர்கள் நிறைய. வீடு மாறும்போது விற்றுவிடுகிறார்கள். திருச்சியிலும் கல்லூரி முடித்துப் போகும் மாணவர்கள் விற்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேடுங்கள். அளவு சரியாக இருப்பதற்காகக் காத்திருங்கள். பணம் சேரக் காத்திருப்பதைவிட இது பயனுள்ள காத்திருப்பு. உங்களுக்கு 49லிருந்து 51 செ.மீ. வரை பொருந்தும் என்று நினைக்கிறேன், உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓட்டத்தொடங்கினேன்:
இதே கேள்வியோடு இங்கே வந்தேன். நேர் ஹேண்டில்பார் உள்ள சாதாரண சைக்கிளை வாங்கி, பிறகு அதற்கு வளைந்த ஹேண்டில்பார் மாட்டிக்கொண்டால் செலவு மிச்சம் ஆகாதா?

பால்ரஸ்:
ஆகாது. ஹேண்டில்பார் மட்டும் மாற்றினால் போதாது. பிரேக் லீவர், கியர் நெம்புகோல், கேபிள், டேப் எல்லாம் மாற வேண்டும். நேர் ஹேண்டில்பாரின் லீவர் வளைந்த குழாயில் ஏறாது, குழாயின் கனம் வேறு. இழுக்கும் கேபிளின் நீளமும் பிரேக்குக்குப் பிரேக் வேறுபடும். பொருந்தாத லீவரைப் போட்டால் பிரேக் பாதிதான் பிடிக்கும். நேர் ஹேண்டில்பார் ஃபிரேம் நீளமாகவும் இருக்கும், அதன் மேல் இன்னும் முன்னால் நீளும் குழாய். மலைச்சாரல் அம்மா சொன்ன கைவலி அங்கே இரட்டிப்பாகும். நேர் ஹேண்டில்பார் வாங்கினால் அப்படியே சந்தோஷமாக ஓட்டுங்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இணையத்தில் பார்த்ததை விட்டுவிட்டேன். தில்லைநகரில் ஒருவர் பழைய ரோடு பைக் விற்கிறார். அலுமினிய ஃபிரேம், அளவு 50. முன்னால் 50, 34 பற்கள். பின்னால் எட்டு அடுக்கு, பால்ரஸ் ஐயா சொன்னபடி சுற்றிப் பார்த்தேன், கேசட்தான். கியர் பிரேக் லீவரிலேயே இருக்கிறது. பிரேக் ரிம்மைப் பிடிப்பது. காந்தம் ரிம்மில் ஒட்டவில்லை. குழாயின் மேல் நின்றால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. வாங்கிய ரசீதும் வைத்திருக்கிறார். கேட்கும் விலை 13,000. நாளை மறுபடியும் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பால்ரஸ்:
முதலில் ஃபிரேம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம், பின்சக்கரம் பூட்டும் இடம் ஆகியவற்றில் பெயின்ட் கோடாக வெடித்திருந்தால் வேண்டாம். அலுமினியத்தில் விரிசல் வந்தால் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. முன்னால் மோதியிருந்தால் கீழ்க்குழாயின் அடியில், ஹேண்டில்பார் கழுத்துக்குச் சற்றுப் பின்னால், பெயின்ட் சுருங்கியோ புடைத்தோ இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும். பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள்.

பிறகு செயின். ஸ்கேலை வைத்து ஒரு கண்ணியின் ஊசியிலிருந்து பன்னிரண்டு முழுக் கண்ணி அளந்து பாருங்கள் (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி). புதிய செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். 306.5 வரை போயிருந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும். 308ஐத் தொட்டுவிட்டால் கேசட்டின் பற்களும் தேய்ந்திருக்கும். புதிய செயின் பழைய பற்களில் உட்காராமல் துள்ளும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் கழுத்தின் பால்ரஸ் தொகுதியான ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, பெரும்பாலும் இறுக்கினாலே சரியாகிவிடும். ரிம்மின் பக்கச்சுவரைத் தடவுங்கள். பிரேக் பட்டுப் பட்டுப் பள்ளமாகக் குழிந்திருந்தால் ரிம்முக்கு ஆயுள் முடிகிறது.

நெடுவழி:
பால்ரஸ் ஐயா சொன்னது எல்லாம் சரியாக இருந்தால் தயங்காதீர்கள். 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டத்துக்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம், சராசரி மணிக்கு 15 கி.மீ. கூட இல்லை. இந்தச் சைக்கிள் அதற்குத் தாராளம். டயர் எத்தனை அகலம்? 23 மி.மீ. போட்டிருந்தால் ஃபிரேமில் இடம் இருக்கும் வரை 28க்கு மாற்றுங்கள். நம் சாலைகளுக்கு அகலமான டயரும் கொஞ்சம் குறைந்த காற்றும்தான் கைக்கும் முதுகுக்கும் நல்லது.

காவிரிக்கரை:
பார்த்துவிட்டு வந்தேன். ஃபிரேம் சுத்தமாக இருக்கிறது, எண் ரசீதோடு ஒத்துப்போகிறது. செயின் 308க்குச் சற்று மேலே. டயர் 25, ஓரம் வெடித்திருக்கிறது. செயின், கேசட், இரண்டு டயர் மாற்ற வேண்டும் என்று ஸ்கேலைக் காட்டியே சொன்னேன். 9,800க்குச் சம்மதித்துவிட்டார். நாளை பணம் கொடுக்கிறேன். கேசட்டில் 28 பல்தான் அதிகபட்சம். எப்படியும் மாற்றப்போகிறோமே, 34 பல் கேசட் போடச் சொல்லலாமா?

எதிர்காற்று:
மகிழ்ச்சி தம்பி. 12,000 ரூபாய்க்குள் ரோடு பைக் கிடைத்துவிட்டது பாருங்கள்.

பால்ரஸ்:
34 போடுமுன் பின் டிரேலியரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கருவி) எழுதியிருக்கும் மாடல் எண்ணை இங்கே போடுங்கள். அதன் கூண்டு குட்டையாக இருந்தால் 34 பல்லில் உரசும், அதையும் மாற்ற வேண்டியிருக்கும். 32 வரை பெரும்பாலும் தாங்கும், முன்னால் 34 இருப்பதால் அதுவே மலைக்குப் போதும். செயினை முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தின் மேல் போட்டு நீளம் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். பழைய செயினின் நீளத்துக்கே வெட்டினால் குட்டையாகிவிடும். டயருக்கு 28 வாங்கும்போது பிரேக்குக்கும் டயருக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.